கப்பலில் சம்பளம் நின்றுபோச்சு: யூனியன்காரரிடம் போவதா, மிஷன் ஃபாதரிடம் போவதா?

கடலோரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பக்கத்து ஆள் நான். என் சாச்சி மகன் ஒரு பழைய பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) ஓஎஸ், அதாவது கடைநிலை மாலுமி வேலையில் இருக்கான். கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிக்குது. கொடி ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டுக் கொடி. மூணு மாசமா சம்பளம் வரல. குடிதண்ணி அளந்துதான் கொடுக்குறாங்களாம். ஏத்திவிட்ட ஏஜென்ட் ஃபோனை எடுக்கிறதே இல்லை.

கப்பல்ல இப்ப ரெண்டு கட்சி ஆயிருச்சு. ஒரு கட்சி ஐடிஎஃப்புக்கு (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம்) எழுதுவோம்ங்குது. இன்னொரு கட்சி, "யூனியன் பக்கம் போனா பேர் கெட்டுரும், அடுத்த கப்பல் கிடைக்காது. மாலுமிகளுக்கு உதவுற சர்ச் மிஷன் ஃபாதர் ஒருத்தர் நம்பர் இருக்கு, அவரைக் கூப்பிடுவோம்"னு சொல்லுது. வீட்டுல சாச்சிக்கு வேற கவலை: "நம்ம புள்ளைக்கு சர்ச்காரங்க ஏன் உதவப் போறாங்க?"

கப்பலில் இருந்தவங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. யார்கிட்ட போறது?

போசன்

தம்பி, ரெண்டு பேரையும் கூப்பிடச் சொல்லுங்க. இதுல போட்டி ஒண்ணும் கிடையாது.

தூத்துக்குடி ஆளு நான். ஏபியா, அதாவது தேர்ந்த மாலுமியா ஏறி, டெக் ஆளுகளுக்கு மேஸ்திரியான போசனா இறங்குனவன். நடக்கிறது என்னன்னு சொல்லுதேன், கேளுங்க. மிஷன் ஆளு கேங்வே ஏணியில ஏறி வந்தா எந்தக் கேப்டனும் முகத்தைச் சுளிக்க மாட்டான். சிம் கார்டு, கம்பளித் தொப்பி, பழைய பத்திரிகை எல்லாம் கொண்டு வருவாரு. கரைக்குப் போக ஷோர் லீவ் கிடைச்சா தன்னோட வேன்லயே ஏத்திக்கிட்டுப் போயி டவுன்ல விடுவாரு. ஐடிஎஃப் இன்ஸ்பெக்டர் ஏறுனாருன்னா கேப்டனுக்கு அடுத்த ஆளு சீஃப் மேட்டுக்கே வேர்க்கும். அவரு கேக்குற முதல் கேள்வியே "வேஜ் அக்கவுண்ட் எங்க?"ங்கிறதுதான். அதனால பயலுவ மிஷன் ஆளுகிட்டதான் முதல்ல வாயைத் திறப்பானுவ. மெஸ் ரூம்ல வச்சு இல்ல, வேன்ல போகும்போது. அவரு இவனுவ சம்மதத்தைக் கேட்டுட்டு இன்ஸ்பெக்டர் காதுல போட்டுருவாரு. நான் பாத்த பல துறைமுகத்துல இந்த வழிதான்.

இன்னொண்ணு. மெஸ் ரூம் நோட்டீஸ் போர்டுல இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் ஒட்டியிருக்கான்னு உங்க பையனைப் பாக்கச் சொல்லுங்க. கைவிடப்பட்ட மாலுமிக்குப் பணம் கட்டுற பொறுப்பு யாருதுன்னு அதுல பேரும் நம்பரும் இருக்கும். இருந்தா இன்னைக்கே ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டும்.

செங்கொடி

போசன் அண்ணன் சொல்வது சரி. ஆனால் "இரண்டும் வேண்டும்" என்று பொதுவாக முடித்துவிடக் கூடாது. ஃபாதர் ஆறுதல் சொல்வார், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சரக்கு இறக்கும் வின்ச்சை நிறுத்த அவரால் முடியாது.

ஐடிஎஃப் 1896-ல் லண்டனில் தொடங்கியது. முதலாளி ஒரு நாடு, கொடி வேறொரு நாடு, மாலுமி மூன்றாவது நாடு என்ற இந்த வசதிக்கொடி ஏமாற்றுக்கு எதிரான இயக்கத்தை அது 1948-லேயே ஆரம்பித்துவிட்டது. அன்று முதல் அதன் பலம் கரையில் நிற்கும் துறைமுகத் தொழிலாளியிடம்தான் இருக்கிறது. மாலுமியின் சம்பளத்தைத் தராத கப்பலின் சரக்கை இறக்க மாட்டோம் என்று நாலு கிரேன்காரர்கள் சொன்னால் போதும், அன்று மாலைக்குள் முதலாளிக்கு ஃபோன் போய்விடும். எல்லா நாட்டிலும் சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதும் உண்மைதான்.

முகமது ஆயிஷாவின் கதையைத் தேடிப் படியுங்கள். சிரியாக்காரர், எம்வி அமான் கப்பலின் சீஃப் மேட். 2017-ல் எகிப்தின் அதபியா துறைமுகத்தில் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். விஷயம் புரியாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், கப்பலுக்கு அவரே சட்டக் காப்பாளர் ஆகிவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியில் கரண்ட் இல்லாத கப்பலில் தன்னந்தனி ஆள். கைபேசியை சார்ஜ் செய்யவும் சாப்பாடு வாங்கவும் கரைக்கு நீந்திப் போய்வந்தார். 2021 ஏப்ரலில் ஐடிஎஃப் தன் பிரதிநிதி ஒருவரை அவருக்குப் பதில் காப்பாளராக நிறுத்திய பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார். இதற்கு அமைப்பும் வக்கீலும் வேண்டும், துணிந்து பொறுப்பேற்கும் ஆளும் வேண்டும். ஜெபம் பண்ணி நடக்கிற காரியம் இல்லை.

ஈரோட்டுக் கண்ணாடி

சாச்சியம்மா கேட்டது நியாயமான கேள்வி, அதை இங்கே யாரும் தொடவே இல்லையே. தனியாகக் கிடக்கிறவன், பசியில் இருக்கிறவன், பயந்தவன். மதம் பரப்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைப்பானா? சிம் கார்டோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வருமா வராதா? தொழிலாளிக்கு உரிமையாகச் சேர வேண்டியதை ஒரு சாமியார் கையால் தர்மமாக வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை ஏன் வந்தது? அரசு செய்ய வேண்டிய வேலை இது.

பழைய ஏடு

ஈரோட்டாரின் சந்தேகத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதே வரலாறு யூனியனுக்கும் நற்சான்று தருவதில்லை.

1835-ல் ஜான் ஆஷ்லி என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் நின்று, காற்றுக்காகக் காத்து நங்கூரத்தில் கிடந்த கப்பல்களைப் பார்த்தார். அந்த ஆட்களிடம் யாருமே போவதில்லை என்று தெரிந்ததும், கிடைக்கவிருந்த ஊர்த் தேவாலயப் பதவியை விட்டுவிட்டுப் படகேறிக் கப்பல் கப்பலாகப் போனார். பைபிளும் பிரார்த்தனைப் புத்தகமும் விற்றார், ஆராதனை நடத்தினார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1856-ல் பிறந்ததுதான் இன்றைய மிஷன் டு சீஃபேரர்ஸ். பறக்கும் தேவதை அதன் சின்னம். கத்தோலிக்கரின் ஸ்டெல்லா மாரிஸ் 1920-ல் கிளாஸ்கோவில் உருவானது. ஆரம்ப நோக்கம் ஆன்மாவைக் காப்பாற்றுவதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. குடிக்கடை, மாலுமியை ஏமாற்றும் விடுதிக்காரன் இவற்றிலிருந்து அவனைக் காக்க வேண்டும் என்ற பரிவில், அவன் ஒழுக்கம் கெட்டவன் என்ற முடிவும் கலந்திருந்தது.

லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட நம் மாலுமிகள் லண்டன் தெருக்களில் பனியில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1857-ல் லைம்ஹவுஸில் ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்குமான ஒரு தங்கும் இல்லத்தை மிஷன்காரர்கள் திறந்தார்கள். மகாராஜா துலீப் சிங்கும் அதற்குப் பணம் கொடுத்தார். அங்கே மதப் பிரசாரமும் நடந்தது. ஆனால் கூரையும் இருந்தது.

யூனியன் பக்கம் வருவோம். ஹேவ்லாக் வில்சன் 1887-ல் தொடங்கிய பிரிட்டிஷ் மாலுமிகள் சங்கம் வெள்ளைக்காரத் தொழிலாளிக்காகப் பெரும் போராட்டம் நடத்தியது. அதே சங்கம் சீன மாலுமிகளுக்கு எதிராக வெளிப்படையாகப் பிரசாரமும் செய்தது. ஆசிய மாலுமி குறைந்த கூலிக்கு வருகிறான் என்றால், அவனுக்கும் அதே கூலி கேள் என்று சொல்லவில்லை. அவனைக் கப்பலில் ஏற்றாதே என்றது. பிரிட்டனில் 1925-ல் நிறத்தின் பேரால் மாலுமிகளைப் பதிவு செய்யும் அரசாணை வந்ததில் அந்த மனநிலைக்கும் பங்குண்டு. ஆக, நம் ஆட்களுக்கு இரண்டு வாசலும் முழுசாகத் திறந்திருந்த காலம் என்று ஒன்று இல்லை.

போசன்

ஏடு சார் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கிடுதேன். எங்க ஊர்ல வ.உ.சி. 1906-ல கப்பல் கம்பெனி வச்சாரு, 1908-ல கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் நடத்துனாரு. கப்பல் முதலாளியே சங்கத் தலைவரா இருந்த ஊரு இது ஒண்ணுதான்னு நெனைக்கேன்! சரி, இழைக்குச் சம்பந்தமில்ல, விட்டுருவோம்.

துண்டுப் பிரசுரம் உண்டான்னு கேட்டாரு. உண்டு, மேசையில கெடக்கும். எடுத்தா எடு, இல்லாட்டி விடு. என் கப்பல்ல பாதிப் பேரு இந்து, முஸ்லிம், பர்மாக்காரப் புத்தப் பயலுவ. ஒருத்தன்கிட்டயும் "நீ எந்தச் சாமி"ன்னு கேட்டு நான் பாத்ததில்ல. ரம்ஜான் நோன்பு நேரத்துல பள்ளிவாசல் எங்க இருக்குன்னு விசாரிச்சு வேன்ல கூட்டிட்டுப் போன ஃபாதரும் உண்டு.

ஹம்பேர்க் வாணி

வணக்கம். நான் ஹம்பேர்க்கில இருக்கிறன், ஊர் வடமராட்சி. இங்க துறைமுகத்துக்குள்ள, கொண்டெய்னர் முனையங்களுக்குக் கிட்ட, டுக்டால்பன் எண்டு ஒரு மாலுமிகள் இல்லம் இருக்குது. ஜெர்மன் புரட்டஸ்தாந்து மிஷன் 1986-ல திறந்தது. நான் சில காலம் அங்க தொண்டு வேலை செய்தனான்.

ஈரோட்டு அண்ணை கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சது: அங்க மேல்மாடியில அமைதிக்கான அறை எண்டு ஒண்டு இருக்கு. கிறிஸ்தவருக்கு மட்டும் இல்லை, ஒரே அறைக்குள்ள இந்து, பௌத்தம், இஸ்லாம் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மூலை. உண்மையில அந்த அறைக்குப் போறவை கொஞ்சப்பேர்தான். வந்து இறங்கின உடனே எல்லாரும் வைஃபை கடவுச்சொல்லைத்தான் கேப்பினம். பிறகு சொக்லேட், சம்பூ, ஊருக்குக் காசு அனுப்புறது. பில்லியர்ட் மேசையடியில ஃபிலிப்பீன்காரர் பாடிக்கொண்டு நிப்பினம்.

எனக்குப் பெரிய பிரச்சினையாத் தெரிஞ்சது மதம் இல்லை, நேரம். கொண்டெய்னர் கப்பல் முந்தி நாள்கணக்கில நிண்டதாம், இப்ப ஒரு நாளுக்குள்ள வெளிக்கிட்டிடும். அதுக்குள்ள பாதிப்பேருக்குக் காவல் வேலை, மிச்சப்பேருக்கு நித்திரை. 2004-ல துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் இறுகினதுக்குப் பிறகு சில நாடுகளில வாசலால வெளிய விடுறதே கஷ்டம். எங்கட பஸ்ஸில ஏறி வாறவைக்கு கைவசம் ரெண்டு மணித்தியாலம். அதுக்குள்ள ஆர் மதம் மாத்துறது?

வீட்டம்மா

நான் கன்னியாகுமரி மாவட்டம். வீட்டுக்காரர் சீஃப் குக். எல்லாரும் கப்பலைப் பத்தியே பேசுறீங்க, வீட்டைப் பத்தி ஒரு ஆளு பேசல.

சங்கத்துக்கு மாசாமாசம் பிடிக்கிறாங்க. சம்பளச் சீட்டுல தெரியும். ஒருதடவை அவர் கையில் அடிபட்டு வேற நாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப, சங்கத்துல இருந்து ஒரு ஃபோன் வரல. நாங்களா கூப்பிட்டா "மெயில் போடுங்க" என்பாங்க. எனக்கு மெயில் போடத் தெரியாது. அந்த ஊர் மிஷன்ல இருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்ல கூப்பிட்டு, ஃபோனை அவர்கிட்ட கொடுத்து முகத்தைக் காட்டினாங்க. பாஷை புரியல, பரவாயில்ல, முகத்தைப் பாத்தாச்சு.

ஆனா அதுக்கப்புறம் நஷ்டஈடு வாங்கித் தந்தது அந்த அம்மா இல்ல. அதே சங்கம்தான். ஒப்பந்தத்துல இன்ன காயத்துக்கு இவ்வளவுன்னு எழுதியிருந்துச்சாம், கம்பெனி குறைக்கப் பாத்தப்ப விடல. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபமும் இருக்கு, நன்றியும் இருக்கு. கடலோரத்தான் அண்ணே, உங்க சாச்சிகிட்ட சொல்லுங்க, எங்க வீட்டுக்கு உதவின அம்மா எங்க சபையும் கிடையாது.

பாரிமுனை

நான் வழக்குரைஞர். கப்பல் வழக்குகள் கொஞ்சம் பார்ப்பதுண்டு. இழை தொடங்கியவர் வளைகுடாவில் எந்த நாடு என்று சொல்லவில்லை, அதைப் பொறுத்துத்தான் விடையே அமையும்.

2006-ல் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-ல் ஒப்புதல் அளித்தது. அதன் திருத்தம் 2017 ஜனவரியிலிருந்து செல்லும். அதன்படி இரண்டு மாதமாவது சம்பளம் தராமல் இழுத்தடிப்பதும், உணவும் தண்ணீரும் தராமல் விடுவதும் கைவிடல்தான். போசன் ஐயா சொன்ன காப்பீட்டுச் சான்று இந்தத் திருத்தத்தால் வந்ததே. ஊர் திரும்பும் செலவு, அதுவரை சாப்பாடு, நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கி இவை அதில் அடங்கும். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கிக்குக் காப்பீடு கை கொடுக்காது. ஆகவே "அடுத்த வாரம்" என்பதை நம்பி ஒரு வருடம் காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உங்கள் உறவினர் மூன்று மாதத்தில் விழித்துக்கொண்டது நல்லது.

கப்பல் சென்னையிலோ தூத்துக்குடியிலோ நின்றால் எனக்கு வேலை சுலபம். 2017-ன் அட்மிரால்டி (கப்பல் வழக்கு) சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றமே கப்பலைச் சிறைப்பிடிக்க ஆணையிடலாம், விற்ற பணத்தில் மாலுமியின் சம்பளத்துக்குத்தான் முதல் உரிமை. வளைகுடா அப்படியில்லை. எமிரேட்ஸில் தொழிற்சங்கம் அமைக்கவே சட்டத்தில் இடமில்லை. எம்டி ஐபா என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே 2017-லிருந்து கைவிடப்பட்டுக் கிடந்தது. இந்தியர் உட்பட ஐந்து பேருக்கு மூன்று வருடச் சம்பளப் பாக்கி. 2021 ஜனவரியில் நங்கூரச் சங்கிலி அறுந்து, அந்தக் கப்பல் உம் அல் குவைன் கடற்கரை மணலிலேயே வந்து ஏறியது. அங்கே முதலாளியிடமும் கப்பலை வாங்க வந்தவரிடமும் உட்கார்ந்து பேரம் பேசியவர்கள் மிஷன் டு சீஃபேரர்ஸ்காரர்கள். முழுப் பாக்கியும் கிடைக்கவில்லை, ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் ஊர் திரும்பினார்கள். தோழர் செங்கொடி இதைக் கவனிக்க வேண்டும்: சங்கத்துக்கு இடமில்லாத மண்ணில் சங்கத்தின் வேலையைப் பாதிரியார் செய்கிறார். அரைகுறையாகத்தான் செய்ய முடிகிறது, ஏனென்றால் அவர் கையில் வேலைநிறுத்தம் இல்லை.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் ஆயுதங்களோடு பிடிபட்ட சீமேன் கார்டு ஓஹியோ கப்பலின் 35 பேர். கடற்கொள்ளைத் தடுப்புக் காவலர்களும் மாலுமிகளுமாக, பிரிட்டிஷார், எஸ்தோனியர், உக்ரைனியர், இந்தியர் என்று எல்லாரும் அதில் உண்டு. 2016 ஜனவரியில் ஐந்தாண்டு தண்டனை, 2017 நவம்பரில் மதுரைக் கிளையில் விடுதலை. அந்த வருடங்களில் சிறையில் போய்ப் பார்த்ததும் குடும்பங்களுக்குத் துணை நின்றதும் மிஷன்காரர்கள். "துப்பாக்கி வைத்திருந்தவன் மாலுமியா?" என்ற கேள்விக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று பார்க்கும் அமைப்பு அந்த இடத்தில் தயங்கியிருக்கலாம்.

செங்கொடி

வக்கீல் சார், கடைசி வரி ஊகம். "தயங்கியிருக்கலாம்" என்பதை ஆதாரமாக வைக்காதீர்கள். ஐடிஎஃப் இன்ஸ்பெக்டர் உறுப்பினர் அட்டை பார்த்துக் கப்பலில் ஏறுவதில்லை. ஐபா பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

ஆனால் ஒரு கணக்கை யாரும் பேசவில்லை. வாணி அக்கா சொன்ன மாதிரி இல்லங்களும் பஸ்ஸும் எந்தப் பணத்தில் ஓடுகின்றன? தேவாலயக் காணிக்கை மட்டும் இல்லை. வசதிக்கொடிக் கப்பல் முதலாளி ஐடிஎஃப் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நல நிதிக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் 1981-ல் ஐடிஎஃப் ஒரு அறக்கட்டளை தொடங்கியது. உலகம் முழுக்க மிஷன் இல்லங்களுக்கு வேன் வாங்கிக் கொடுத்ததும் கட்டடம் கட்டக் கொடுத்ததும் அதுதான். போசன் அண்ணன் ஏறிப் போன வேனின் கதவில் பறக்கும் தேவதை இருந்திருக்கும், பணம் எங்கள் போராட்டத்தில் வந்ததாக இருந்திருக்கும். சண்டை போட்டு வாங்கியவர்கள் நாங்கள், நன்றி வாங்குகிறவர்கள் அவர்கள். கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஈரோட்டுக் கண்ணாடி

இது எனக்குப் புதுச் செய்தி, சுவாரசியம். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சங்கம் பணம் கொடுக்கிறது, சர்ச் ஆள் கொடுக்கிறது, சரக்கில் வரி வாங்கும் அரசு எங்கே?

பாரிமுனை

அதற்கும் உடன்படிக்கையில் இடம் இருக்கிறது. கரையில் மாலுமிகளுக்கான நல வசதிகள் இனம், மதம், கொடி பாராமல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், தகுந்த துறைமுகங்களில் அவை உருவாக நாடுகள் ஊக்கம் தர வேண்டும் என்பது விதி. "ஊக்கம்" என்ற சொல்லுக்குள் எல்லா அரசும் ஒளிந்துகொள்கிறது.

போசன்

அதே மாதிரி இன்னொரு ஓட்டை. எங்க ஊர்ல இருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் கல்லும் கொண்டு போற தோணிக்காரனைப் பாருங்க. பாரம்பரியக் கட்டுமானக் கப்பலுக்கு இந்த உடன்படிக்கை செல்லாதுன்னு எழுதியிருக்கானுவளாம். அவனும் கடல்லதான் சாகுறான். அவனுக்கு ஐடிஎஃப்பும் கிடையாது, இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட்டும் கிடையாது. தனி இழை போடணும், யாராவது போடுங்க.

கடலோரத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி தம்பிகிட்ட பேசிட்டேன். நாடு எமிரேட்ஸ்தான். நோட்டீஸ் போர்டுல சர்டிஃபிகேட் இருக்கு, ஆனா தேதி போன வருஷத்தோட முடிஞ்சிருச்சு. ஃபாதர் நம்பருக்கு ஒருத்தன் மெசேஜ் போட்டிருக்கான், தண்ணிக்கு ஏற்பாடு பண்றேன்னு பதில் வந்துச்சாம். ஐடிஎஃப்புக்கு எழுத இன்னும் நாலு பேர் பயப்படுறாங்க. என்னென்ன காகிதம் அனுப்பணும்?

செங்கொடி

பயப்படுகிறவர்களிடம் சொல்லுங்கள்: 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டதாக ஐடிஎஃப் கணக்குச் சொல்கிறது, அதில் அதிகம் பேர் இந்தியர். இவர்கள் தனியாள் இல்லை. பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்த நகல், கப்பலின் ஐஎம்ஓ எண் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள அடையாள எண்), யார் யாருக்கு எத்தனை மாதப் பாக்கி என்ற பட்டியல், தண்ணீர் உணவு இருப்பு, அந்தக் காலாவதிச் சான்றின் படம். எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் நல்லது.

பாரிமுனை

சான்று காலாவதியானாலும் அந்தக் காப்பீட்டாளருக்கும் ஒரு பிரதி போகட்டும், புதுப்பித்திருக்கிறார்களா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கொடி நாட்டுக்கும் நம் டிஜி ஷிப்பிங்குக்கும் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககம்) அனுப்புங்கள். முக்கியமாக, "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய எந்தத் தாளிலும் பணம் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம். விமான டிக்கெட்டைக் காட்டி அதைத்தான் நீட்டுவார்கள்.

கடலோரத்தான்

சரிங்க சார், சொல்லிடுறேன். இன்னொரு கேள்வி. ஏஜென்ட் இந்த வேலைக்கு எங்ககிட்ட பெரிய தொகை வாங்கியிருக்கான். அது திரும்பக் கிடைக்குமா?

பாரிமுனை

வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவதே உடன்படிக்கைப்படியும் நம் விதிப்படியும் தவறு. ஏஜென்டுக்கு மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருந்தால் அதற்கே ஆபத்து. இல்லையென்றால் போலீஸ் புகார். ரசீது இருக்கிறதா?

கடலோரத்தான்

ரசீது தரல. பாதி கையில கொடுத்தது, பாதி ஜிபேயில ஏஜென்டோட மச்சான் நம்பருக்குப் போட்டது.

பாரிமுனை

அந்த ஜிபே விவரத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். மச்சான் பெயரைப் புகாரில் சேர்க்கலாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், மனு எழுதித் தருகிறேன்.